உடம்பு குளிரில் விறைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நடுங்காதவனை முதலில் பாருங்கள்

குளிரில் உடம்பு விறைப்பதை எப்படிக் கண்டுகொள்வது, உடனே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ படிக்கப் போகிற பிள்ளையாக இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே ஒருவர், "இது பனி கொட்டுற நாட்டுப் பிரச்சினை, எங்களுக்கேன்?" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருகோணமலை, திருக்கடலூர். என் தம்பி விறைத்தது இந்த வெயில் ஊரில்தான்.

உள்சூடு 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. அதற்குப் பனி தேவையில்லை, ஈர உடுப்பும் காற்றும் போதும். 2022 டிசம்பரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் குளிரில் செத்ததை அவர் மறந்துவிட்டாரா?

ஒரு மாரியில் தம்பியும் அத்தானும் கடலுக்குப் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. இரவு முழுக்க மழை, வாடைக்காற்று. விடியத்தான் வேறொரு போட் கட்டி இழுத்து வந்தது. அத்தான் பல்லடித்து நடுங்கினார், எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தம்பி பேசாமல் குந்தியிருந்தான். "இளம் உடம்பு, தாங்கிட்டான்" என்றார்கள். வலை பொத்துகிற அந்த விரல்கள் சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தன. "என்னடா செய்யுது?" என்றேன். குடிப்பழக்கமே இல்லாதவன், நாக்குக் குழறிப் பதில் சொன்னான். சூடேறாமலே நடுக்கம் நின்றால், நடுங்குவதற்கும் உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம்.

ஒருவர் சாராயப் போத்தலோடு வந்தார், இன்னொருவர் கால் தேய்க்கத் தைலம் கொண்டுவந்தார். இரண்டையும் தடுத்தேன். சாராயம் தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி உள்சூட்டை வெளியேற்றும். கைகாலைத் தேய்த்தால் அங்குள்ள குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும், அந்த நிலையில் இதயம் குலுக்கலைக்கூடத் தாங்காது. அதனால்தான் அவனை நடக்கவும் விடவில்லை. ஈர உடுப்பை வெட்டி எடுத்து, சாக்கும் றிஜிபோம் (மீன்பெட்டி செய்கிற வெள்ளைத் தக்கை) அட்டையும் விரித்துக் கிடத்தி, தலையோடு சேர்த்துக் காய்ந்த போர்வையால் மூடினோம். சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். சீனி போட்ட தேத்தண்ணீர் அத்தானுக்கு மட்டும். குழறுகிறவனுக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது, புரையேறும். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து வண்டி வந்தது. தம்பி பிழைத்தான்.

எஞ்சின் ஏன் நின்றது தெரியுமா? போட் ஓடுகிற மண்ணெண்ணெயில் தண்ணீர்! விற்றவர்கள் முழுக் காசும் வாங்கிக்கொண்டு கலப்படத்தை ஊற்றிக் கொடுத்தார்கள். கேட்கப் போனால், "எங்கட பவுசரில (எண்ணெய் வண்டியில) பிழையில்லை" என்று ஒரே பதில். பெடியன்களின் உயிர் அந்தக் கானில் இருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் டொக்டர் இல்லை, முதலுதவி வகுப்பில் படித்தவள். "காய்ச்சல்மானி வைத்துப் பார்த்திருக்கலாமே" என்று கேட்க ஆள் வரும். வீட்டுக் காய்ச்சல்மானி காய்ச்சலுக்குச் செய்தது, அவ்வளவு குறைந்த சூட்டைச் சரியாகக் காட்டாது. நடை தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் பாருங்கள்.

மூச்சில்லாததுபோல் தெரிந்தாலும் செத்தான் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு நிமிடம் வரை உற்றுப் பார்த்து, மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரி போகும்வரை நிறுத்தாதீர்கள். 1999இல் நோர்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண் டொக்டரின் உள்சூடு 13.7 பாகைக்கு இறங்கியது. அவர் பிழைத்து மீண்டும் வேலைக்குப் போனார்.