மெழுகுவர்த்தி அணைந்த பிறகு ஏறும் நீர்: அறிவியல் ஆசிரியர்களுக்கான செய்முறைப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

பயிற்சியளிக்கும் கருத்தாளராகப் பல ஆண்டுகள் அறிவியல் ஆசிரியர்களுடன் பணியாற்றியவன் என்ற முறையில், நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: வட்டார வள மையப் பயிற்சியில் கருத்தாளர் திரையில் காட்டுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்புகிறோம். செய்முறைப் பயிற்சி இதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: முதல் நாள் காலையில், வரவேற்புரைக்கும் முன்பாகவே, ஒவ்வொருவரிடமும் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, டார்ச் பல்பு ஒன்று, முனைகள் சீவிய ஒரே ஒரு கம்பித் துண்டு ஆகியவற்றைக் கொடுத்து, பல்பை எரியவைக்குமாறு கேட்பது என் வழக்கம். பல்பைப் பொருத்தும் ஹோல்டர் கிடையாது; இரண்டாவது கம்பியும் கிடையாது. மின்சுற்றுப் பாடத்தைப் பத்தாண்டுகளாக நடத்துபவர்களும் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பல்பின் அடிநுனி ஒரு முனை, பக்கவாட்டு உலோக உறை மற்றொரு முனை என்பது பாடநூல் படத்தில் ஹோல்டருக்குள் மறைந்துவிடுகிறது. பல்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் புலப்படுகிறது. அடிநுனியை மின்கலத்தின் குமிழ்மீது நிறுத்தி, கலத்தின் அடிப்பக்கத்திலிருந்து வரும் கம்பியை உறையில் தொட்டால் பல்பு எரியும். இதைத் திரையில் காட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் திரையில் மட்டுமே பார்த்தவருக்கு, தம் வகுப்பில் மாணவர் எந்த இடத்தில் திணறுவார் என்பது தெரியவராது.

கேள்வி: எரியும் மெழுகுவர்த்தியை நீரில் நிறுத்தி டம்ளரால் மூடினால், ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறுகிறது என்று கற்பித்துவருகிறேன். அது தவறு என்று ஒரு பயிற்சியில் கூறினார்கள். எதை ஏற்பது?

பதில்: எதையும் உடனே ஏற்க வேண்டாம், தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு அமருங்கள். மூடிய கணத்திலிருந்து நீர்மட்டத்தை மட்டும் கவனியுங்கள். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர் பெரும்பாலும் அசையாது. சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பின்னரும்தான் விரைந்து ஏறும். ஆக்சிஜன் செலவாவதே காரணம் என்றால், எரியும் நேரம் முழுவதும் நீர் சீராக ஏறியிருக்க வேண்டும். அடுத்து, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துச் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு கூடவில்லை என்றபோதிலும், நீர் முன்னைவிடத் தெளிவாகவே உயரமாக ஏறும்.

சுடரின் வெப்பத்தால் விரிவடைந்த காற்றில் ஒரு பகுதி, மூடும்போதே வெளியேறிவிடுகிறது. விளிம்பில் சில வேளைகளில் குமிழிகளையும் காணலாம். சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் குளிர்ந்து நீராகிறது, வெளியிலுள்ள காற்றழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. அதன் ஒரு பகுதிக்கு ஈடாகக் கார்பன் டைஆக்சைடும் உருவாகியிருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு என்பதும், சில டம்ளர்களில் நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதும் தற்செயலான பொருத்தமே.

அந்த ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட விரும்பினால், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் அலசி எண்ணெய்ப் பூச்சை நீக்கி, சோதனைக் குழாயின் அடியில் ஈரத்தோடு திணித்து, குழாயை நீரில் கவிழ்த்துச் சில நாள்கள் விட்டுவிடுங்கள். துருப்பிடித்தல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நீர் மெல்ல மெல்ல ஏறிவரும். நான் நடத்திய ஒரு பயிற்சியில் இந்த மெழுகுவர்த்தி விவாதம் மதிய உணவையும் தாண்டிச் சென்றது. சமையல்காரர் இருமுறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆய்வகமே இல்லை. விலை மலிவான பொருள்களைக் கொண்டு பயிற்சியளிப்பது போதுமா?

பதில்: பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். நூலில் கட்டிய சிறு கல்லைத் தொங்கவிடும் புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டர் நீளத்தில் ஆடவிட்டால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 1 விநாடியும், 100 சென்டிமீட்டரில் 2 விநாடியும் ஆகும். கைப்பேசிக் கடிகாரத்தில் 20 அலைவுகளை எண்ணி வகுத்தால் மதிப்பு நன்றாகவே கிடைக்கிறது. எல்லாக் குழுக்களின் அளவீடுகளையும் கரும்பலகையில் எழுதி, அவை ஏன் சிறிது சிறிது வேறுபடுகின்றன என்று கேட்பதே பாடத்தின் சுவையான பகுதி. மஞ்சள்தூள் தடவிய தாள் சோப்பு நீரில் சிவக்கும், ஆனால் எலுமிச்சைச் சாற்றுக்கு நிறம் மாறாது. செம்பருத்திச் சாறு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வகம் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கி ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டுவதால், வெங்காயத் தோலின் செல்களுக்கு அது தாராளம். வெப்பநிலைமானியை மட்டும் விலைகொடுத்தே வாங்க வேண்டும். தெர்மோகோலில் எரிமலை செய்து வண்ணம் பூசுவதை அறிவியல் செய்முறை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கைவேலை வகுப்பு.

கேள்வி: பயிற்சி முடிந்த ஒரு மாதத்தில் எல்லாம் மறந்து பழைய முறைக்கே திரும்பிவிடுகிறோம். இதற்கு வழி உண்டா?

பதில்: மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தை இங்கே குறிப்பிட வேண்டும். கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியா என்ற ஊரிலுள்ள ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற அமைப்பும் தொடங்கிய அத்திட்டம், 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டு, 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பால் தொடரப்பட்டது. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் ஒன்றாகத் தங்கி, தாங்கள் நடத்தவிருக்கும் சோதனைகளை மாணவர்களைப் போல் குழுவாக அமர்ந்து செய்தார்கள். அதோடு நிற்காமல், மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சரிவரவில்லை என்று பேசினார்கள். கருத்தாளர்கள் பள்ளிகளுக்கே சென்று பார்த்தார்கள். 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டபோதிலும், அந்த மாதாந்திரக் கூட்டம் என்ற ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் கேட்டுப்பெற்று, ஒவ்வொருவரும் தம் வகுப்பில் தோல்வியடைந்த ஒரு சோதனையைப் பொருள்களோடு கொண்டுவந்து மீண்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: தேசியக் கல்விக் கொள்கை (2020) ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாட்டைக் கூறுகிறது. இணையவழிப் படிப்பால் அதை நிறைவு செய்யலாமா?

பதில்: கணக்கை நிறைவு செய்யலாம். கருத்து விளக்கத்திற்கு இணையவழி பயன்படும். கை பழகுவதற்குப் பயன்படாது.

கேள்வி: நாற்பது ஆசிரியர்கள் ஒரே அறையில் செய்முறை செய்யும்போது பாதுகாப்புக்கு என்ன செய்வது?

பதில்: ஒரு மேசைக்கு நால்வருக்கு மேல் கூடாது. தொங்கும் முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொண்ட பின்னரே சுடரைப் பற்றவைக்க வேண்டும். சூடு ஆறாத ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. ஒரு விளக்கைச் சாய்த்து மற்றொன்றைப் பற்றவைக்கவும் கூடாது. அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமே தவிர, நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரை அமிலத்தின் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மின்னியல் சோதனைகள் அனைத்தும் மின்கலத்தோடு நிற்கட்டும். சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கை எவரும் தொட வேண்டியதில்லை. மணல் நிரப்பிய வாளி ஒன்று கதவருகில் இருக்கட்டும்.