பாங்காக்கில் முதல் மூன்று நாள்: விடிகாலையில் இறங்கும் இருவருக்கு

கேள்வி: நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு தாய்லாந்து கிளம்புகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சென்னையிலிருந்து இரவு விமானம், விடிகாலையில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறோம். முதல் மூன்று நாளும் அந்த ஊரில்தான். மனைவி சுத்த சைவம். எங்கே தங்குவது, எதில் போவது, எதை முதலில் பார்ப்பது என்று தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. செலவும் கைக்குள் இருக்க வேண்டும். வழி சொல்லுங்கள். (வாசகர், ஈரோடு)

பதில்:

முதல் நாள் எதையும் பார்க்க வேண்டாம். மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் வருகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பாங்காக் சுமார் மூன்றரை மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. நீங்கள் இறங்கும்போது அங்கே விடியும், உங்கள் உடம்புக்கு இன்னும் ராத்திரி. கண்ணை மூடியது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். விடுதியிலோ மதியம் 2 மணிக்குத்தான் அறை தருவார்கள். நானும் என் மனைவியும் முதல்முறை போனபோது பையை விடுதியில் போட்டுவிட்டு நேராக கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனைக்குப் போனோம். பதினோரு மணி வெயில், காலுக்கடியில் கொதிக்கும் கல். அவளுக்குத் தலை சுற்றி ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அத்தனை அழகான இடத்தில் எனக்கு இன்று நினைவிருப்பது, அவள் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலும் அவள் முகத்தில் இருந்த வெளிறலும்தான். அன்று சாயங்காலம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இருவருக்கும் சண்டை வேறு. தூக்கமின்மை, வெயில், பசி மூன்றும் சேர்ந்தால் எந்தத் தம்பதிக்கும் அதுதான் நடக்கும்.

சரி, கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் எத்தனை நாள் என்ற விதி அடிக்கடி மாறுகிறது. அதை டிக்கெட் போடும் முன்பு ஒருமுறையும், கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறையும் தாய் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

அடுத்து தங்குமிடம். முதுகுப்பைப் பயணிகள் என்றாலே காவ் சான் சாலை என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே விலை மலிவு, ராத்திரியெல்லாம் கூட்டமும் பாட்டும். ஆனால் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. பாங்காக்கில் சாலை நெரிசல் மாலையில் எப்படி இருக்கும் என்றால், வண்டியைவிட நடப்பவர் முன்னால் போய்விடுவார். அதனால் விடுதியை ரயில் நிலையத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். என் கணக்கில் உங்களுக்குப் பொருத்தமானது எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நீலத் தடத்தில் வாட் மங்கோன், சாம் யோட் நிலையங்களை ஒட்டிய பகுதி. சீனர் தெருவான யாவராட்டும், இந்தியக் கடைகள் இருக்கும் பகூராட்டும், பழைய நகரமும் நடை தூரத்தில் வந்துவிடும். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்கு மேல் போகாத அறையாகப் பாருங்கள். அறைக்கு நூறு பாட் கூடக் கொடுத்தாலும் டாக்சியில் மிச்சமாகிவிடும். ஒரு பாட் நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய்.

விமான நிலையத்திலிருந்து வருவது சுலபம். அடித்தளத்துக்கு இறங்கினால் ரயில் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக உண்டு. மேல்தள வங்கிக் கவுன்ட்டர்களைவிட அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஏடிஎம்மில் அடிக்கடி எடுக்காதீர்கள். நம் அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. எடுக்கும்போது, ரூபாயில் கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அப்புறம் ரயிலில் மக்கசான் வரை வந்து, அங்கிருந்து பெட்சபூரி நிலையத்துக்கு நடைபாலம் வழியாக மாறினால் நீலத் தடம். எம்ஆர்டி கதவில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை அப்படியே தட்டிப் போகலாம். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே திறந்துவிட்டுப் போங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது. மேலே ஓடும் பிடிஎஸ் ரயில் வேறு நிறுவனத்தினுடையது, அதன் டிக்கெட்டும் வேறு.

விடுதியில் பையைக் கொடுத்துவிட்டால் பத்திரமாக வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, லும்பினி பூங்காவுக்குப் போங்கள். அதுவும் அதே நீலத் தடம்தான். ஏரிக்கரையில் நாய் அளவுக்கு, சிலது ஆள் நீளத்துக்கு, நீர் உடும்புகள் ஊர்ந்து போகும். நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு நம்மைக் கண்டுகொள்ளாமல் புல்லைக் கடந்து தண்ணீரில் இறங்கும். ஒன்றும் செய்யாது, சீண்டாமல் இருந்தால் போதும். மர நிழலில் படுத்துவிடுங்கள். இரண்டு மணிக்கு அறை, குளியல், நல்ல தூக்கம்.

மாலை நாலரைக்கு எழுந்து ஆற்றுக்குப் போங்கள். சதோன் படித்துறையில், சபான் தக்சின் பிடிஎஸ் நிலையத்துக்குக் கீழே, சாவ் பிரயா விரைவுப் படகு கிடைக்கும். கவுன்ட்டரில் சுற்றுலாப் பயணிகளுக்கான நீலக் கொடிப் படகைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஆரஞ்சுக் கொடி. ஊர்க்காரர்கள் வேலை விட்டுப் போகும் படகு அது, கட்டணம் இருபது பாட்டுக்குள். படகின் பின்னால் நிற்பவர் விசில் ஊதித்தான் ஓட்டுநருக்கு வழி சொல்வார். கயிறு விழுவதும் ஆட்கள் தாவுவதும் படகு கிளம்புவதும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஆகவே இறங்கும் துறைக்கு முன்பே எழுந்து நில்லுங்கள். தா தியன் துறையில் இறங்கினால் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில் மாலை வெயிலில் நிற்கும். அன்றைக்கு அதுவே போதும். அங்கிருந்து சனாம் சாய் எம்ஆர்டி நிலையம் சிறிது நடைதான், அரண்மனை மண்டபம் போலவே உள்ளே அலங்கரித்திருப்பார்கள். திரும்பும் வழியில் ஆறு மணி ஆகும்போது நிலையத்திலோ பூங்காவிலோ எல்லோரும் சட்டென்று அசையாமல் நின்றால் பதறாதீர்கள். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தேசிய கீதம் ஒலிக்கும். நீங்களும் நின்றுவிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் அரண்மனை. எட்டரைக்குத் திறக்கிறது, எட்டு மணிக்கே வாசலில் இருங்கள். ஆளுக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இருவருக்கும். போகும் வழியில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, இன்று விடுமுறை, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை இருபது பாட்டில் துக்-துக்கில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கனிவாகச் சொல்வார். அந்த வண்டி ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும் போய்த்தான் நிற்கும், ஓட்டுநருக்குக் கமிஷன். சிரித்துவிட்டு நடந்து போய் வாசலில் நீங்களே பாருங்கள்.

பத்தரைக்குள் வெளியே வந்து வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர். அவருக்குப் பின்புறம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவார்கள். அந்தக் கணீர் கணீர் சத்தம் மண்டபம் முழுக்க நிறைந்திருக்கும். நிதானமாக இருங்கள், அவசரமில்லை. பன்னிரண்டு முதல் நாலு வரை அறைக்குத் திரும்பிவிடுங்கள். இந்த நாலு மணி நேரத்தை வீண் என்று நினைக்கும் ஆட்கள்தான் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுக்கிறார்கள்.

சைவத்தைப் பற்றி. தாய் சமையலில் உப்புக்குப் பதில் மீன் சாறுதான், தாய் மொழியில் 'நம் ப்லா' என்பார்கள். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் அது விழுந்துவிடும். 'பாட் தாய்' என்ற நூடுல்ஸிலும் பப்பாளிக்காய் சாலட்டிலும் காய்ந்த இறாலும் சேரும். உங்கள் மனைவி கற்றுக்கொள்ள வேண்டிய சொல் 'ஜே'. சீன பௌத்தர்களின் சுத்த சைவம் அது. முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்ற எண் போலத் தெரியும். யாவராட் பக்கம் அதைத் தேடுங்கள். கொடி இல்லாத கடையில் 'கின் ஜே' என்று சொல்லிக் கேளுங்கள். இல்லையென்று தலையாட்டினால் அடுத்த கடை. பகூராட்டில் இந்தியச் சாப்பாடு இருக்கிறது, ஒருவேளைக்கு அது கைகொடுக்கும். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் இருவருமே சாப்பிடலாம்.

மூன்றாம் நாளை உங்களுக்காக விட்டுவிடுகிறேன். காலையை ஒருவரும் மாலையை ஒருவரும் தேர்ந்தெடுங்கள், மற்றவர் மறுபேச்சு இல்லாமல் கூட வர வேண்டும். சனி, ஞாயிறானால் சட்டுசாக் சந்தைக்குப் போகலாம். என்னைக் கேட்டால் சாம் யோட்டிலிருந்து நடந்து, வாட் சுதட் முன்னால் நிற்கும் சிவப்புத் தேக்கு ஊஞ்சல் கம்பங்களைப் பார்ப்பேன். பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற சிறு பிராமணக் கோயில். கம்பத்தில் ஊஞ்சலாடுவது 1935இல் நின்றுவிட்டது. ஆனால் அரசவைப் பிராமணர்கள் இன்றும் நடத்தும் அந்தச் சடங்குக்குத் திரியம்பவாய் என்று பெயர். அது நம் திருவெம்பாவைதான். மார்கழியில் நாம் பாடும் மாணிக்கவாசகரின் பாட்டு, உச்சரிப்பு மாறி அங்கே நூற்றாண்டுகளாகத் தங்கியிருக்கிறது. அந்த வாசலில் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாலையில் சீலோம் பக்கம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போய் வரலாம். மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்கும் கூட்டத்தில் தாய் மக்கள்தான் அதிகம்.

செலவு: குளிர்சாதன இரட்டை அறை, தெருக்கடைச் சாப்பாடு, ரயில், படகு என்று இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 பாட் ஒதுக்குங்கள். அரண்மனை நாளுக்கு 1,600 கூடுதலாக. டாக்சி ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் இறங்கிவிடுங்கள். அல்லது கிராப், போல்ட் செயலியில் விலை பார்த்து ஏறுங்கள். மின் சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில்கூட வேண்டாம்.

விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் காட்டினால் பல ஓட்டுநர்களுக்குப் புரியாது. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் எந்த நிலையத்தின் எந்த வாசலில் காத்திருப்பது என்பதையும், தினமும் காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போதே பேசிவிடுங்கள்.