வருடத்தைக் கேட்காதீர்கள், லயத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு இப்போது 88 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். குடும்ப வரலாற்றைப் பதிவு செய்யலாம் என்று கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "என்னத்தச் சொல்றது, எல்லாம் கஷ்டந்தான்" என்பதோடு நிறுத்திவிடுகிறார். அவர் சொல்லும் ஆண்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) போய்த் திரும்பாத அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டாலோ, பெரிய மாமா தடுத்துவிடுகிறார். என்ன செய்வது?

— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: என் சின்னம்மாவிடம் அவருடைய திருமணம் நடந்த வருடத்தைக் கேட்டுக் கேட்டே இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கியவன் நான். மூன்றாம் முறை, அப்போது எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில்), எத்தனையாவது வீட்டில் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தேத்தண்ணி சிந்திய ஈரத்தை விரலால் இழுத்து மேசைமேல் லயத்தை வரையத் தொடங்கியவர், குழாயடியிலிருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வரை வாசல் வாசலாகப் போய், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்தக் குடும்பம் வேலையை மேற்பார்க்கும் தண்டலோடு சண்டையிட்டு வேறு தோட்டத்துக்குப் போனது என்று சொல்லி முடிப்பதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. நீங்கள் தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள்.

ஆண்டுகளை நீங்களே பிறகு பொருத்திக்கொள்ளலாம். 1948 ஜூனில் உங்கள் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் ஒரே நாளில் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தபோது, பாட்டிக்குப் பதினொரு வயது இருந்திருக்கும். தம்பி பிறந்தது அதற்கு முன்னா பின்னா, லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள், சோறு கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகக்கூடாது என்றிருந்த நாளில் பசிக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் போதும்.

சொந்த ஊரைக் கேட்கும்போது அவர் சொல்லும் 'சில்லா'வை (மாவட்டத்தை) அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'சேலம் சில்லா' என்பது 1965இல் தனி மாவட்டமான தருமபுரியாகவோ, 1997இல் பிரிந்த நாமக்கல்லாகவோ இருக்கலாம். தென்னாற்காடும் 1993இல் இரண்டாகிவிட்டது. இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஊர் அகப்படாது.

சயாமைப் பற்றிச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோன 1943ஆம் ஆண்டில் பாட்டி ஆறு வயதுக் குழந்தை. அவர் நினைவில் சயாம் இருக்க வழியில்லை; அப்பா இல்லாத வீடுதான் இருக்கும். ஆகவே சயாமைக் கேட்காமல், மரவள்ளிக்கிழங்கை யார் தோண்டி வந்தார்கள், அம்மா வேலைக்குப் போனபோது உங்களைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேளுங்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டு, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். மாமா தடுப்பதும் தம் தாய் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லி, அவர் இசைந்த பிறகு கேட்பதே முறை. ஆனால் கேட்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம், பாட்டிக்குப் பதிலாக அவரே பேசிவிடுவார்.

எழுதும்போது 'பெரட்டு' (காலை ஆள்கணக்கெடுப்பு), 'மங்கு' (பால் வடியும் கிண்ணம்), 'ஒட்டுப்பால்' (உறைந்து ஒட்டிய பால்) ஆகிய சொற்களைத் திருத்தாதீர்கள். மாமாவும் பாட்டியும் ஒரே நிகழ்ச்சியை இரு விதமாகச் சொன்னால், சொன்னவர் பெயரோடு இரண்டையும் எழுதி வையுங்கள்.