சாண்டியாகோவின் வானவிளிம்பு: நிலநடுக்க பூமியில் 300 மீட்டர் கோபுரம் எப்படி?

சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் அடிக்கடி நிலம் ஆடுமே, அங்கே போய் ஏன் இவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அந்த நகரத்தின் படங்களில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது கிரான் டோரே சாண்டியாகோ. 300 மீட்டர், தென் அமெரிக்காவிலேயே உயரமான கட்டடம். வடிவமைத்தவர் சீசர் பெல்லி, கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களும் அவர் கைவண்ணம்தான். 2009-இல் உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை பல மாதங்கள் அப்படியே நின்றுபோய், மறுபடி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, 2010 பிப்ரவரி 27 அன்று, 8.8 அளவில் நாட்டையே உலுக்கிய நிலநடுக்கம் வந்தது. அரைகுறையாக நின்ற கோபுரம் அதையும் தாங்கிவிட்டது.

காரணம், நடுவில் கனமான கான்கிரீட் மையம், அப்புறம் சிலியின் கறாரான கட்டட விதிகள். பக்கத்திலுள்ள 194 மீட்டர் டைட்டானியம் கோபுரத்தில் அதிர்வின் ஆற்றலை உறிஞ்சும் டாம்பர்களும் உண்டு. இந்தப் பகுதியைக் கேலியும் பெருமையுமாக 'சான்ஹாட்டன்' என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது என்னவோ டெலிஃபோனிகா கோபுரம்தான்: 143 மீட்டர், 1990-களின் ஆன்டெனா வைத்த செல்போன் வடிவம்! கட்டியபோது நவீனம், இப்போது பார்த்தால் சிரிப்பு வரும்.

சரி, எவ்வளவு கட்டினாலும் பின்னால் ஆண்டிஸ் மலை நிற்கிறதே, அதன் முன் எல்லாமே தீப்பெட்டிதான்.