செப்டம்பரில் மாயா பே: மூடிய கடற்கரைக்கு வாங்கிய பணம் திரும்புமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். போன செப்டம்பரில் குடும்பத்தோடு நாலு பேர் சிங்கப்பூரில் கப்பல் ஏறி தாய்லாந்தின் புக்கெட் வரை போய் வந்தோம். புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் மொத்தம் 3,40,000 ரூபாய் கட்டினோம். அதில், ‘தி பீச்’ படம் எடுத்த மாயா பே கடற்கரையில் இறக்கிக் காட்ட தலைக்கு 9,500 வீதம் 38,000 ரூபாய் பில்லில் தனியாகவே இருக்கிறது. படகில் ஏறிய பிறகுதான் கைடு, “மாயா பே மூடியிருக்கிறது” என்றார். வேறொரு தீவில் இறக்கிவிட்டார்கள். டிராவல்ஸ்காரர், “மழை சீசன் சார், நாங்கள் என்ன செய்ய முடியும்? டூர் நடத்தியது அங்கே உள்ள வேறு கம்பெனி. கேஸ் போட்டாலும் புதுச்சேரியில்தான் போட முடியும், பில்லுக்குப் பின்னால் பாருங்கள்” என்கிறார். கப்பலில் கேட்டால், “அந்த டூரை நாங்கள் விற்கவில்லை” என்றார்கள். பணம் கிடைக்குமா?

பதில்: 38,000 ரூபாயைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. மழை என்று அவர் சொல்லும் பதிலே அவருக்குப் பாதகம்.

அன்று காலை கடல் கொந்தளித்ததால் அந்தக் கடற்கரை மூடப்படவில்லை. கூட்டமும் படகுகளும் பவளப்பாறைகளைச் சிதைத்ததால் தாய்லாந்து அரசு 2018 ஜூனில் மாயா பேயை மூடியது. 2022 ஜனவரியில் திறந்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடிவைக்கிறார்கள். இது முன்கூட்டியே அறிவிக்கப்படும் மூடல். ஆகவே செப்டம்பர் பயணத்துக்கு அந்த டூரை விற்ற அன்றே, அது நடக்காது என்பது விற்றவர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். “பயணத் திட்டம் முன்னறிவிப்பின்றி மாறலாம்” என்ற பொடி எழுத்து, விற்ற பிறகு முளைக்கும் தடைகளுக்குத்தான் பொருந்தும்.

(திறந்திருக்கும் மாதங்களிலும் படகு முன்பக்கம் வராது, தீவின் பின்பக்கம் லோ சாமா விரிகுடாவில் இறங்கி நடந்துதான் போக வேண்டும், நீந்தவும் விடமாட்டார்கள். உங்களுக்கு வந்த விளம்பரத்தில் ‘நீந்தி மகிழலாம்’ என்று இருந்தால் அதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.)

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. கூடவே நியாயமற்ற வணிக நடைமுறையும் ஆகும். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மூன்றாவதாக ஒன்றை எழுதினால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே ஆட்சேபிக்கும். வீணாக வழி திறந்துவிட வேண்டாம்.

“வேறு கம்பெனி நடத்தியது” என்பதற்குப் பதில் உங்கள் பில்லிலேயே இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இடங்களைப் பாருங்கள். மாயா பே டூர் அவர் பெயரில், அவர் ஜிஎஸ்டி எண்ணில் போட்டிருக்கிறதா? டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருக்கிறாரா? வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர்தான் டிசிஎஸ் வசூலிக்க வேண்டும். அதை வசூலித்துவிட்டு, ‘நான் வெறும் கமிஷன் ஏஜென்ட்’ என்று சொல்வது எடுபடாது. ஆனால் டிசிஎஸ் தொகையை நட்டக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்; அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவு வரும் பணம். வருமான வரித் துறை தளத்தில் உங்கள் பெயரில் உள்ள வரி விவரப் பட்டியலில் (26ஏஎஸ்) ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதுச்சேரியில்தான் போட வேண்டும் என்பது பழைய பயமுறுத்தல். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம் என்று சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடுங்கள். முள்ளோடை எல்லையைத் தாண்டி அவர் வரட்டும்.

கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். முதலில் 15 நாள் கெடு வைத்து ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், அவர் என்ன சாக்கு சொல்லப்போகிறார் என்பது எழுத்தில் கிடைத்துவிடும். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் மனு பதிவாக வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது சான்றில்தான். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை மாற்றிவிடுகிறார்கள். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், மெசேஜ் தானாக மறையும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள், அந்த போனை விற்காதீர்கள். அச்செடுத்துத் தரும்போது பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், வேறு தீவில் எடுத்த தேதியுள்ள போட்டோக்கள், மாயா பே மூடல் பற்றிய தாய்லாந்து தேசியப் பூங்காத் துறை அறிவிப்பின் அச்சு ஆகியவையும் வேண்டும்.

கேட்கும் தொகையில் நிதானம் தேவை. 38,000, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஓரளவு இழப்பீடு, வழக்குச் செலவு. கப்பல் பயணத்தை முழுதாக அனுபவித்துவிட்டு 3,40,000-த்தையும் கேட்டால் மனுவின் நம்பகமே குறையும். மாற்றுத் தீவுக்குப் போனதை மறைக்காதீர்கள். அதன் மதிப்பை ஆணையம் கழித்தாலும் கழிக்கும்.

கப்பல் கம்பெனியைச் சேர்க்க வேண்டாம். அந்த டூரை அவர்கள் விற்கவில்லை. வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் கொண்டுசேர்ப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

நோட்டீஸ் கிடைத்ததும் டிராவல்ஸ்காரர் ‘அடுத்த டூரில் தள்ளுபடி’ என்று ஒரு கூப்பன் நீட்டுவார். அதோடு வரும் தாளில் ‘முழுமையாகத் தீர்ந்தது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாதிப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ரசீதில் ‘மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.