சட்டைப் பையில் ஒரு கவர்: மென்டலிசம் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண வரவேற்புகளிலும் அலுவலக விழாக்களிலும் மேஜிக் செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் மென்டலிசம்: மனதில் நினைத்ததைச் சொல்வது, நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி வைப்பது. மேடையில் ஆளை மறையவைப்பது, பெட்டிக்குள் வைத்து அறுப்பது எல்லாம் என் துறை இல்லை. இரண்டடி தூரத்தில் நின்று செய்கிற வேலையைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, கிளாஸ்ல 1089 வித்தை செஞ்சேன். முதல் ஆளுக்குச் சரியா வந்தது. ரெண்டாவது ஆளுக்கு 198னு வந்து மானம் போச்சு. எங்க தப்பு?

தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று இலக்க எண் ஒன்றை எடுத்து, அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையைத் திருப்பி எழுதி, இரண்டையும் கூட்டினால் 1089.

உங்கள் நண்பர் 463 மாதிரி ஓர் எண்ணை எடுத்திருப்பார். 463இல் 364 போனால் 99. அதை 099 என்று எழுதினால், திருப்பும்போது 990, கூட்டினால் 1089. வெறும் 99 என்று விட்டால் திருப்பினாலும் 99தான், கூட்டினால் 198. ஆரம்பத்திலேயே "முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வித்தியாசம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஆனால் தம்பி, பெரிய தப்பு அது இல்லை. ஒரே கூட்டத்தில் இரண்டாவது ஆளுக்கும் செய்தீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு. 198 வராமல் சரியாகவே வந்திருந்தாலும், "இவனுக்கும் அதே 1089ஆ?" என்று முதல் ஆள் பிடித்திருப்பான். ஒரே ஆட்கள் முன்னால் ஒரே வித்தையை இரண்டாம் தடவை செய்யாதீர்கள். விடையை எண்ணாகவும் சொல்லாதீர்கள். 108ஆம் பக்கம், 9ஆம் வார்த்தை என்று ஒரு புத்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த வார்த்தை ஏற்கெனவே கவருக்குள் இருக்கட்டும்.

சென்னை, வங்கி ஊழியர்: 1089 எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு சார். கணக்குலயே வேற ஏதாவது இருக்கா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு இலக்க எண் ஒன்றை உங்களுக்குக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். அதே இலக்கங்களை இஷ்டப்படி கலைத்து இன்னோர் எண் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும். விடையில் பூஜ்யம் அல்லாத ஓர் இலக்கத்தை வட்டமிட்டு மறைத்துக்கொண்டு, மற்றவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் சொல்லட்டும். மறைத்ததை நீங்கள் சொல்வீர்கள்.

எடுத்தது 8361, கலைத்தது 1368 என்று வையுங்கள். விடை 6993. அவர் 6ஐ மறைத்து "9, 3, 9" என்கிறார். கூட்டினால் 21. அடுத்த ஒன்பதின் மடங்கு 27. குறைவது 6. அவ்வளவுதான். கூட்டுத்தொகையே ஒன்பதின் மடங்காக வந்தால் அவர் மறைத்தது 9. பூஜ்யத்தை மறைக்க விடக்கூடாது என்பது இதற்காகத்தான், 0ஆ 9ஆ என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டுவது உங்கள் முகத்தில் தெரியக்கூடாது. அவர் சொல்லச் சொல்லவே கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லி முடித்த பிறகு ஐந்து விநாடி அவர் கண்ணைப் பாருங்கள். கணக்கு அப்போது முடிந்திருக்கும், ஆனால் வேலை அப்போதுதான் தொடங்குவதாக அவருக்குத் தோன்றும்.

மதுரை: மேசையில மூணு பொருள். நான் எழுதி வெச்சதையே அவர் எடுக்கணும். எப்படி?

இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். இது ஒன்று கையில் இருந்தால் சீட்டுக்கட்டே இல்லாமல் வாழ்நாள் முழுக்க மென்டலிசம் செய்யலாம்.

சாவி, பேனா, நாணயம். கவருக்குள் "சாவி" என்று எழுதியிருக்கிறீர்கள். "ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லவே கூடாது. "இரண்டு பொருளைத் தொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பேனாவையும் நாணயத்தையும் தொட்டால்: "சரி, அவை இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள்." சாவி மட்டும் மிச்சம்.

தொட்ட இரண்டில் சாவியும் இருந்தால்: "கைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை என்னிடம் கொடுங்கள்." சாவியைக் கொடுத்தால் கையை விரித்துக் காட்டி, "மூன்றில் நீங்களாக என்னிடம் கொடுத்தது இது." மற்றதைக் கொடுத்தால் அதை மேசையில் வைத்துவிட்டு, "உங்கள் கையில் கடைசியாக நின்றது என்ன?"

இது ஏன் பலிக்கிறது? என்ன விதி என்று நீங்கள் முன்னால் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு வழி மட்டும், மற்ற வழிகளை அவர் பார்க்கவில்லை. தயங்கினால் செத்தது. சாவியைத் தொட்டாரா இல்லையா என்று பார்த்து அரை விநாடி யோசித்தால், அந்த அரை விநாடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இரண்டு வழியையும் ஒரே வேகத்தில், ஒரே குரலில் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பழைய பல்லவிதான். அதே ஆளிடம் இன்னொரு முறை செய்யாதீர்கள். இரண்டாவது முறை வேறு வழியில் போனால் வித்தை அம்பலம்.

சேலம்: டிவில ஒருத்தர் போன் லாக் நம்பரையே சொல்றாரே, அது எப்படி?

அது அவர் உழைத்து உருவாக்கியது. அடுத்தவர் வித்தையை நான் பிரித்துக் காட்டுவதில்லை.

ஈரோடு: சீட்டுல கையே திறமையா இல்லாதவனுக்கு ஒரு ஃபோர்ஸ் சொல்லுங்க.

ஃபோர்ஸ் என்றால் நாம் நினைத்த சீட்டையே அவரை எடுக்கவைப்பது. உங்களுக்கு ஏற்றது குறுக்கு வெட்டு. மேல் சீட்டு உங்களுக்குத் தெரியும், ஆட்டின் ராணி என்று வையுங்கள். அவரைச் சீட்டுக்கட்டை வெட்டி மேல்பாதியை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை நீங்கள் எடுத்து அதன் மேல் குறுக்காக வையுங்கள். இப்போது சீட்டைப் பார்க்காமல் அவரைப் பார்த்து ஏதாவது கேளுங்கள், "ஏன் அந்த இடத்தில் வெட்டினீர்கள்?" பத்து விநாடி போதும். பிறகு குறுக்குப் பாதியைத் தூக்கி, "நீங்கள் வெட்டிய இடம்" என்று கீழ்ப்பாதியின் மேல் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். ராணிதான். எது மேல்பாதி, எது கீழ்ப்பாதி என்பது அந்தப் பத்து விநாடியில் மறந்துபோகும்.

காஞ்சிபுரம்: ரிசப்ஷன்ல மேசை மேசையா போறப்ப யாரும் கவனிக்கவே மாட்டேங்கறாங்க.

சாப்பிடுகிறவரிடம் போகாதீர்கள். வலது கையில் சாம்பார் சாதம் இருக்கும்போது சீட்டை எந்தக் கையால் வாங்குவார்? மாப்பிள்ளை பெண்ணை வாழ்த்த மேடை ஏறுகிற வரிசையில் நிற்பவர்களிடம் போங்கள். இருபது நிமிடம் சும்மா நிற்கிறார்கள், கை சுத்தமாக இருக்கிறது. இன்னொன்று, அங்கே இசைக்குழுச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. கணிப்பைத் தடித்த மார்க்கரில், தாளை நிறைத்து எழுதுங்கள். கவர் பழுப்பு நிறமாக இருக்கட்டும். வெள்ளைக் கவருக்குள் மார்க்கரில் எழுதியது மண்டப விளக்கில் வெளியே தெரியும், ஒருமுறை எனக்கே நடந்திருக்கிறது.

திருநெல்வேலி: நெயில் ரைட்டர் வாங்கி மூணு மாசம் ஆச்சு. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு.

கட்டைவிரலில் மாட்டுகிற சின்ன எழுதுமுனை அது. முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியதாக ரசிகர் நினைக்கும் நேரம் வேறு, உண்மையில் எழுதும் நேரம் வேறு. கணிப்பு வித்தைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

எழுத்து அழகாக வர, அட்டையைத் தடிமனாக எடுங்கள். எண்ணுக்கு இடம் விட்டு மற்றதை முதலிலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள், அதே கறுப்பில், கொஞ்சம் அலட்சியமான கையெழுத்தில். 1, 4, 7 சுலபம். 8 கஷ்டம், அதை இரண்டு தனி வட்டமாகப் போட்டுப் பழகுங்கள். அவர் எண்ணைச் சொன்ன உடனே எழுதாதீர்கள், எல்லோர் கண்ணும் அப்போது உங்கள் கையில் இருக்கும். "ஏன் அந்த எண்? பிறந்தநாளா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது எழுதுங்கள். எழுதும் கையை அசைக்காமல் உடம்பைத் திருப்புங்கள், திரும்புகிற அசைவில் விரல் அசைவு கரைந்துவிடும்.

தஞ்சாவூர்: சார் 1089 எனக்கு சில எண்ணுக்கு வரமாட்டேங்குது.

முதல் பதிலில் இருக்கிறது.

கோவை, மேஜிக் கலைஞர்: உங்க நிகழ்ச்சி பார்த்திருக்கேன். ஆரம்பத்துலயே "எனக்கு எந்தச் சக்தியும் இல்லை"ன்னு சொல்றீங்க. அது நம்ம தொழிலையே கொல்லுது. நம்பினாத்தான் கைதட்டல்.

நல்ல கேள்வி. முழுதாகவே பதில் சொல்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன் நானும் "உங்கள் மனதுக்குள் பார்க்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வரவேற்பில் ஒரு பெண்ணின் பள்ளித்தோழி பெயரைச் சொன்னேன், நல்ல கைதட்டல். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் என் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நிற்கிறார். இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தாராம். பர்ஸிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தார். வீட்டை விட்டுப் போன மகன். "உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லு தம்பி."

நான் செய்தது வித்தை என்றேன். நம்பவில்லை. தோழியின் பெயர் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை, துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்ல மனசில்லைன்னா பரவாயில்லப்பா" என்று படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வரியைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை. கைதட்டல் குறையவில்லை. வித்தை என்று தெரிந்த பிறகும் எப்படி என்று புரியாதபோது வருகிற ஆச்சரியம் இன்னும் பெரியது.

கோவை, அதே நண்பர்: ஒருத்தர் ரெண்டு பேர் அப்படி இருப்பாங்க. அதுக்காகக் கலையை விட்டுக்கொடுக்கணுமா? உலகம் முழுக்க மென்டலிஸ்ட்கள் அப்படித்தானே செய்றாங்க?

எல்லோரும் இல்லை. 1979இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர், இரண்டு இளம் வித்தைக்காரர்களை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். மனச்சக்தியை ஆராய அமைந்த ஆய்வகம் அது. கரண்டி வளைப்பதையெல்லாம் செய்து காட்டி ஆய்வாளர்களை நம்பவைத்தார்கள். 1983இல் ராண்டியே எல்லாவற்றையும் வெளியிட்டார். அந்த இருவரில் ஒருவர்தான் இன்றைக்குப் பெரிய மென்டலிஸ்டான பானசெக். உண்மையைச் சொன்னதால் அவர் தொழில் சாகவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு கொழும்பில் வாழ்ந்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். ஏமாற்ற இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அந்தச் சவாலைத் தொடர்ந்து எடுத்து நடத்திய பிரேமானந்த் உங்கள் ஊர்க்காரர், போத்தனூர். அவரும் மேஜிக் தெரிந்தவர்தான். வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் காட்டிவிட்டு, எப்படி என்பதையும் சொல்லிக்கொடுத்தார். மேஜிக் தெரிந்தவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு என்று நம்பியவர்.

புதுச்சேரி: சக்தின்னு சொல்ல வேண்டாம். உடல்மொழி, உளவியல்னு சொல்லலாமே? அது பொய் இல்லையே?

நெயில் ரைட்டரில் எழுதிவிட்டு "உங்கள் கண் அசைவைப் படித்தேன்" என்றால் அதுவும் பொய்தான். மேடைக்குள் கதையாகச் சொல்லுங்கள், தடையில்லை. கீழே இறங்கியதும் "என் பையனுக்கு என்ன படிப்பு சரிவரும்?" என்று கேட்பார்கள், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குணம் சொல்கிற வேலைக்கும் போகாதீர்கள். 1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், தன் மாணவர்கள் 39 பேருக்கும் தனித்தனி ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே குறிப்பைக் கொடுத்தார். பெரும்பாலும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அவ்வளவு சுலபமாக நம்புவார்கள். சுலபம் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். துக்கத்தில் இருப்பவரிடம் மென்டலிசமே செய்யாதீர்கள், நாணயம் மறையவைத்துச் சிரிக்கவைத்துவிட்டு வாருங்கள்.

கோவை நண்பரிடமிருந்து இன்னும் மூன்று கேள்வி இதே விஷயத்தில் வந்திருக்கிறது. என் பதில் மாறாது, அதனால் அடுத்ததற்குப் போகிறேன்.

விழுப்புரம், கணித ஆசிரியை: ஏழாம் வகுப்புக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று?

மாயச்சதுரம், டீச்சர். ஒரு பிள்ளையை 34க்கு மேல் ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள், 70க்குள் இருந்தால் அழகு. 50 என்றால் இப்படி நிரப்புங்கள்:

8, 11, 30, 1
29, 2, 7, 12
3, 32, 9, 6
10, 5, 4, 31

கிடைவரிசை, செங்குத்து, மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் 50. மாறுவது நான்கு கட்டம் மட்டும்: 30, 29, 32, 31. அவை சொன்ன எண்ணிலிருந்து முறையே 20, 21, 18, 19 கழித்தவை. மற்ற பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பிறகு ராமானுஜனின் பிறந்தநாளை வைத்து அமைந்த சதுரத்தைக் காட்டுங்கள். மேல் வரிசை 22, 12, 18, 87. கூட்டுத்தொகை 139. பிள்ளைகளுக்கு ரகசியத்தையும் சொல்லிக்கொடுங்கள், வகுப்பறையில் அதுதான் பாடம்.

வேலூர்: நாளைய மேட்ச் ஸ்கோர் சொல்வீங்களா?

மாட்டேன்.

நாமக்கல்: 1089 ஏன் சில சமயம் 198 வருது?

முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

திண்டுக்கல்: அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். முதல் தடவையா எல்லார் முன்னாடியும் செய்யப் போறேன். கை நடுங்குது. எதைச் செய்யலாம்?

சாவி, பேனா, நாணயம். அது மட்டும் போதும், தம்பி. கை நடுங்கினாலும் அதில் தெரியாது, பொருளைத் தொடுவது அவர்கள்தானே. இன்றைக்கும் நாளைக்கும் வாய்விட்டு ஐம்பது தடவை சொல்லிப் பாருங்கள். கவரைத் தொடங்கும்போது எடுக்காதீர்கள். காலையில் பந்தி பரிமாறும் முன்பே உங்கள் மாமாவின் சட்டைப் பையில் வைத்து, "நான் கேட்கும்வரை திறக்காதீங்க மாமா" என்று சொல்லிவிடுங்கள். அவர் அதை நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார், பத்துப் பேரிடம் சொல்லியும் வைப்பார். கடைசியில் நீங்கள் தொடாதீர்கள். அவரே கிழித்து, அவரே சத்தமாகப் படிக்கட்டும்.