துருவ மலைகள்: வாசகர் கேள்விகள்

கே: அண்டார்டிகாவின் எரெபஸ் மலைக்குப் பெயர் வைத்தவர் துருவப் பயணி ஷாக்கிள்டன்தானே?

ப: அவர் பிறப்பதற்கு 30 வருஷத்துக்கு முன்பே வைத்தாகிவிட்டது. 1841 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வைத்த பெயர் அது. அவருடைய இரண்டு கப்பல்கள் எரெபஸ், டெரர். கனன்றுகொண்டிருந்த எரிமலைக்கு முதல் கப்பலின் பெயர், பக்கத்து மலைக்கு அடுத்ததின் பெயர். ஷாக்கிள்டனின் குழுவினர் 1908இல் எரெபஸ் உச்சியில் ஏறினார்கள், அவ்வளவுதான். பார்த்தவர் வேறு, பெயர் வைத்தவர் வேறு, ஏறியவர் வேறு என்று எத்தனை தடவை எழுதுவது?

கே: வட துருவத்தின் உயரமான மலை எது?

ப: அங்கே மலையே இல்லை, கடல்மேல் மிதக்கும் பனிதான். ஆர்க்டிக் பகுதி என்று கேட்டிருந்தால் கிரீன்லாந்தின் குன்பியோர்ன், சுமார் 3,700 மீட்டர்.

கே: அண்டார்டிகாவின் சிட்லி மலைக்கும் ஹார்லிக்ஸுக்கும் தொடர்பு என்கிறார்களே, கட்டுக்கதையா?

ப: கதையில்லை. 1934இல் விமானத்திலிருந்து அந்த மலையைக் கண்ட அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்ட், தன் பயணத்துக்குப் பணம் தந்த மேபெல் சிட்லியின் பெயரை வைத்தார். அவர் மால்ட் பால் மாவு வில்லியம் ஹார்லிக்கின் மகள். அப்பாவும் தாராளமாகக் கொடுத்தார்; அவர் பெயரில் ஹார்லிக் மலைத்தொடரே இருக்கிறது, பேர்டின் விமானம் ஒன்றுக்கும் அதே பெயர். ராக்ஃபெல்லர் மலைகள், ஃபோர்டு தொடர்கள், ஷாக்கிள்டனுக்கு உதவிய பியர்ட்மோர் பெயரில் ஒரு பனியாறு எல்லாமே இந்த வகைதான். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரி. இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. எந்த மலைப்பெயரைப் பார்த்தாலும் அது யாரோ உயிரைப் பணயம் வைத்த வீரரின் பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். சிட்லி அண்டார்டிகாவின் மிக உயர்ந்த எரிமலை, 4,200 மீட்டருக்கு மேல். அதன் உச்சியில் மனிதக் கால் பட்டதே 1990இல்தான்! பெயருக்கும் காலுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல்.

கே: அண்டார்டிகாவிலேயே உயரமான வின்சன் மலை 5,140 மீட்டரா, 4,892 மீட்டரா?

ப: முதலாவது பழைய கணக்கு, 1979 அளவீட்டிலேயே அடிபட்டுப் போனது. 2004இல் ஜிபிஎஸ் வைத்து அளந்தது 4,892. உயரம் எழுதினால் அளந்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்புறம், கார்ல் வின்சன் மலையேறி அல்ல, அண்டார்டிக் ஆய்வுக்கு ஆதரவு தந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

கே: அண்டார்டிகாவில் பெயர் வைக்கும் அதிகாரம் யாருக்கு?

ப: ஒரே அதிகாரி கிடையாது. நாட்டுக்கு நாடு தனிக் குழு. அதனால்தான் சில சிகரங்களுக்கு இரண்டு மூன்று பெயர்கள்.